கண்டாமணியின் தொண்டையும் சிகரெட் வரியும்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காற்று வருகிற பக்கம் சின்னவர்களுக்கு. சுவரில் சாய்கிற இடம் முதுகுவலிக்காரர்களுக்கு. இன்றைக்கு ராஜா கதை இல்லை, பேய்க் கதையும் இல்லை. ஒரு தொண்டையின் கதை. அந்தத் தொண்டையை நம்பி ஒரு பெரிய கம்பெனி பிழைத்தது. அதே கம்பெனிதான் அந்தத் தொண்டையைக் கெடுத்தது. நடுவில் ஓர் அக்காவும் தம்பியும் மாட்டிக்கொண்டார்கள். சிரிப்பதா வேண்டாமா என்பதைக் கேட்டு முடித்தபின் அவரவர் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு மாநிலத்துச் சட்டசபையில் ஓர் உறுப்பினர் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது வாக்குச் சீட்டில் மட்டும் குடியிருந்தது. ஊருக்கெல்லாம் அவர் கண்டாமணி. அரசியலுக்கு வருமுன் பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எங்கே போகிறது என்று கூவுகிற வேலை பார்த்தார். நிலையத்துக்கு ஒலிபெருக்கி வாங்கி வைத்தபோது அவரை நிறுத்தவில்லை, ஒலிபெருக்கியைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குரலைக் கேட்டு ஒரு கட்சி அவரை ஊர்வலத்துக்குக் கூப்பிட்டது, பிறகு மேடைக்கு, பிறகு தேர்தலுக்கு. உங்கள் கொள்கை என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் தெருமுனைவரை கேட்டிருக்கும், அதற்குமேல் ஒன்றும் ஆகியிருக்காது.

அவர் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின், மூலையில் ஒரு நிலைக்கண்ணாடி, தரையெல்லாம் துண்டுத் துணி. மெம்பர் பெண்சாதி எதற்குச் சட்டை தைக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவள் ஒரே பதில் வைத்திருந்தாள். "பதவி அஞ்சு வருஷம். ஊசி அப்படி இல்ல." அவளை நான் அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், ஏனென்றால் மாட்டிக்கொண்டவன் அவளுடைய தம்பி.

அந்தத் தம்பியைப் பஞ்சு என்பார்கள். வாயிலிருந்து வருகிற சொல் அத்தனை மெத்தென்று இருக்கும். சிகரெட் கம்பெனியில் வேலை. அவன் அறைக் கதவில் 'பொதுத் தொடர்பு' என்று பலகை தொங்கியது. ஆனால் பொதுமக்கள் யாரும் அந்தக் கதவைத் தட்டியதில்லை. அவன் வேலை கம்பெனிக்கும் சட்டசபைக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பது. தான் மட்டும் புகைக்க மாட்டான். ஒத்துக்கொள்ளாது என்பான்.

வருஷா வருஷம் சுகாதார அமைச்சரம்மா சிகரெட் பெட்டி மேல் வரியைக் கூட்ட ஒரு மசோதா கொண்டுவருவார். வருகிற பணம் பெரிய ஆஸ்பத்திரியின் நுரையீரல் பிரிவுக்கு. நல்ல காரியம்தான். வெளியே கேட்டால் எல்லா மெம்பரும் நல்ல காரியம் என்றுதான் சொல்வார்கள். எல்லாரும் அப்படிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அது நடக்காமலும் இருக்க வேண்டும். அதற்குத்தான் பஞ்சுவுக்குச் சம்பளம்.

சில்லறைக் கடைக்காரர் நலச் சங்கம் என்று ஒன்று வரியை எதிர்த்து அறிக்கை விடும். சங்கத்தின் பெயர்ப்பலகை கம்பெனியின் பின்னறையில் இருந்தது. தலைவர் கம்பெனியின் டிரைவர். வரி கூடினால் கள்ளச் சரக்கு பெருகும், கூலிக்காரன் வயிற்றில் அடி விழும் என்றெல்லாம் பஞ்சு எழுதிக் கொடுப்பான், மெம்பர்கள் வாசிப்பார்கள். அதெல்லாம் வெறும் தாளிப்பு. உண்மையான சமையல் வேறு.

அந்தச் சபையில் குரல் வாக்கெடுப்பு என்று ஒரு வழக்கம். ஆதரிக்கிறவர்கள் ஒன்றாக 'ஆம்' என்பார்கள். பிறகு எதிர்க்கிறவர்கள் 'இல்லை' என்பார்கள். எது பெரிய சத்தம் என்று சபாநாயகர் காதால் தீர்மானிப்பார். காதுக்குச் சந்தேகம் வந்தால்தான் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவது. எழுந்து நின்றால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் மறுநாள் பத்திரிகையில் வரும். நுரையீரல் நோயாளிக்கு விரோதமாக நின்றவன் அடுத்த தேர்தலில் எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பான்? குரலுக்கு முகம் கிடையாது. ஆகவே சபாநாயகர் காதுக்குச் சந்தேகம் வராமல் பார்த்துக்கொள்வதே கம்பெனியின் கொள்கை.

எத்தனை பேர் என்பது முக்கியமில்லை, எத்தனை சத்தம் என்பதே முக்கியம் என்று முதலில் கண்டுபிடித்தவன் பஞ்சு. கூட்டமில்லாத நாளில் சபைக்குள் போய், எந்த நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினால் மேல்கூரை அதைத் திருப்பி அனுப்புகிறது என்று சோதித்துப் பார்த்தான். அந்த நாற்காலியைத் தன் அக்கா வீட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுத்தான். கண்டாமணி அங்கிருந்து 'இல்லை' என்றால் எதிரே இருக்கிறவர்களுக்கே தாங்கள் 'ஆம்' சொன்னோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

கண்டாமணி விவாதத்தைக் கவனிக்கிற வழக்கம் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். அதனால் பஞ்சு பார்வையாளர் மாடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, நேரம் வரும்போது கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைப்பான். அவர் மேலே பார்ப்பார், கைக்குட்டையைக் காண்பார், வாய் தானாகத் திறக்கும். வருஷக்கணக்கான பழக்கம். கறவை மாட்டுக்கு வாளிச் சத்தம் போல.

கம்பெனி நன்றி மறக்காத கம்பெனி. தனக்காகக் குரல் கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் மாதா மாதம் ஒரு பெரிய பெட்டி சிகரெட் வீட்டுக்கே அனுப்பியது. கண்டாமணி வீட்டுக்குப் பஞ்சுவே தூக்கிக்கொண்டு போவான். கண்டாமணிக்கு அதற்குமுன் அந்தப் பழக்கமே இல்லை. ஆனால் ஓசியில் வந்ததை வீணாக்குவது பாவம் என்று வளர்ந்தவர். மாதக் கடைசிக்குள் பெட்டியைத் தீர்த்துவிட வேண்டும் என்று ஒரு பொறுப்போடு புகைத்தார்.

இந்த வருஷம் மசோதா வருகிற சமயத்தில் அந்தக் குரல் கம்மியது. முதலில் ஜலதோஷம் என்றார்கள். பிறகு தூசி என்றார்கள். ஒருநாள் கூப்பிட்ட குரலுக்கு அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கேட்கவில்லை அவளுக்கு. அன்றே தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பஞ்சுவும் கூடப் போனான்.

டாக்டர் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"புகை உண்டா?"

"ஓசிப் புகை," என்றாள் அக்கா.

"ஓசியோ காசோ, தொண்டைக்கு அது தெரியாதும்மா."

குரல் நாண் மேல் ஒரு வளர்ச்சி. சுரண்டி எடுத்து, சோதனைக்கு அனுப்பி, நல்லவேளை கெட்டது இல்லை என்று வந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கெட்டதாகியிருக்கும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கதை.

"ரெண்டு மாசம் சத்தமே வரக்கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. கத்தினா புண்ணு கிழியும். கிழிஞ்சா தழும்பு விழும். அப்புறம் குரல்னு ஒண்ணு கிடையாது, வெறும் காத்துதான் வரும். திரும்ப என்கிட்ட வந்தாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒரே ஒரு தடவை கத்தினா, டாக்டர்?" என்று ஒருவர் கேட்டார்.

கேட்டவன் பஞ்சு. மசோதா அந்த இரண்டு மாதத்துக்குள் வருகிறது. அக்கா தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள்.

"ஒரு தடவை போதும்," என்றார் டாக்டர்.

மறுநாள் காலை கம்பெனி மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேனேஜர் அறையில் நாற்காலி, மேசை, தரைவிரிப்பு எல்லாம் ஒரே பழுப்பு நிறம். சுவரில் 'புகைபிடிக்காதீர்' என்று எழுதியிருந்தது. தரைவிரிப்பு விலை அதிகம்.

"மிஸ்டர் பஞ்சு, உங்க மாமா தொண்டையைப் பத்திக் கம்பெனி ரொம்பக் கவலைப்படுது."

"ரொம்ப நன்றி சார்."

"ஓட்டெடுப்பு வரைக்கும் தாங்குமா?"

பஞ்சு விஷயத்தைச் சொன்னான். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரே வார்த்தை. மூணு எழுத்து. அவ்வளவுதானே கேக்கறோம். அப்புறம் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியா இருந்தாலும் வைத்தியச் செலவு முழுக்கக் கம்பெனியோடது."

"அதுக்கப்புறம் வைத்தியமே இல்லையாம் சார்."

"அப்ப செலவும் இல்ல," என்றார் மேனேஜர். "அந்த மசோதா ஜெயிச்சா எங்க மேலிடம் முதல்ல கேக்கப்போறது, உங்க ரூமுக்கு எதுக்கு வாடகைன்னுதான். யோசிச்சுக்குங்க."

"பார்த்துக்கலாம் சார்," என்றான் பஞ்சு.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். கண்டாமணி கதவோர நாற்காலியில் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டம்ளரும் கரண்டியும். ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் வேண்டாம், விடாமல் தட்டினால் கோபம். பொழுது போகாமல் அக்காவின் ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று சட்டைக்குப் பொத்தான் துளை சுற்றிக் காஜா கூட எடுத்திருந்தார். சுமாராக வந்திருந்தது.

"வாடா," என்றாள் அக்கா, மெஷினை நிறுத்தாமல். "உன் கம்பெனிக்காரன் என்ன சொன்னான்?"

"மாமா உடம்பை நல்லாப் பார்த்துக்கச் சொன்னாங்க."

"என்னிக்கு வரைக்கும்?"

பஞ்சு குனிந்து தரையில் கிடந்த துண்டுத் துணியை எடுத்து மடித்தான். கண்டாமணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாமா அன்னிக்குச் சபைக்குப் போகாம இருந்துட்டா என்னக்கா?"

"போகாம இருந்தா ஏன் வரலைன்னு கேப்பாங்க. டாக்டர் சீட்டு கேப்பாங்க. கண்டாமணி கீறல் விட்டுடுச்சுன்னு ஊரெல்லாம் தெரிஞ்சா அடுத்த தடவை சீட்டு யாருக்கு? போவார். உக்காருவார். வருவார்." அக்கா கத்தரிக்கோலால் நூலை வெட்டினாள். "உன் கைக்குட்டை உன் பைக்குள்ளயே இருக்கணும்."

பஞ்சு திடுக்கிட்டான்.

"என்னடா பாக்கறே? அதுக்கு ஓரம் அடிச்சுக் கொடுத்தவளே நான். மூக்குல சளியே இல்லாத மனுஷனுக்கு இத்தனை கைக்குட்டை எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"அக்கா, வேலை போயிடும்."

"போகட்டும்னு நான் சொல்வேனா? உன் வீட்டு அடுப்பு எரியறதும் எனக்கு வேணும்டா. ஆனா எனக்கு இந்த வீடு இப்படி இருக்கப் பிடிக்கல. முன்னாடி இவர் போடற சத்தத்துக்குக் காதுல பஞ்சு வச்சுக்குவேன். இப்ப மெஷின் சத்தம் பெருசா கேக்குது. ரெண்டு மாசம்னா தாங்கிக்குவேன். காலம் பூராவும்னா..." அவள் துணியைத் திருப்பிப் போட்டாள். "இவருக்குச் சொந்தமா இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் உங்க கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கணுமா?"

கண்டாமணி கரண்டியை எடுத்து டம்ளரை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பார்த்துக்கலாம்க்கா," என்றான் பஞ்சு.

"எல்லார்கிட்டயும் பார்த்துக்கலாம்ங்கறே. யாருடா பாக்கறது?"

அதுதான் அவன் தொழில், கண்ணுகளா. இந்தப் பக்கமும் பார்த்துக்கலாம், அந்தப் பக்கமும் பார்த்துக்கலாம். இரண்டு பேருக்கும் நம்பிக்கை கொடுத்துவிட்டு நடுவில் ஒரு வழி தேடுவது. இந்தத் தடவையும் ஒரு வழி தேடினான். கண்டாமணி ஒருவரை மட்டும் நம்பினால்தானே ஆபத்து? மற்ற 'இல்லை'க்காரர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் அவர் வாய் திறக்கவே வேண்டாம்.

கம்பெனியின் கூட்ட அறையில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஒத்திகை வைத்தான். சங்கு என்று பெயரெடுத்த மெம்பர் வந்தார். இடி என்று பெயரெடுத்தவர் வந்தார். இன்னும் நாலைந்து பேர். ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் மைக் இல்லாமல் மைதானத்தை நிரப்பியவர்கள். மேனேஜர் கடைசி நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க," என்றான் பஞ்சு. "இல்லை."

சொன்னார்கள். பழைய மரக்கதவை யாரோ மெதுவாகத் திறப்பது போல இருந்தது. பிறகு சங்கு இருமினார். அவரைப் பார்த்து இடி இருமினார். தொற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்துக்கு அறையில் வேறு சத்தமே இல்லை.

"அடிவயித்துலேர்ந்து சொல்லணும் ஐயா."

"அடிவயித்துலேர்ந்துதான் தம்பி கிளம்புது," என்றார் இடி, தண்ணீர் குடித்துக்கொண்டே. "வழியில நின்னுடுது."

இன்னொரு தடவை முயன்றார்கள். இந்தத் தடவை சங்கு 'இல்' வரைக்கும் வந்தார்.

மேனேஜர் பஞ்சுவைத் தனியே கூப்பிட்டார். "என்ன இது, எல்லாருக்கும் ஒரே சமயத்துல சளியா?"

"சளி இல்ல சார். எல்லாருக்கும் மாசா மாசம் பெட்டி போகுது."

மேனேஜர் கதவைச் சாத்தினார்.

"எதிர்ப்பக்கம்?"

"அவங்களுக்கு நாம எதுவும் அனுப்பறதில்ல சார்."

"அனுப்பியிருக்கணும்," என்றார் மேனேஜர்.

அப்படியாகக் கம்பெனிக்குக் கண்டாமணியைத் தவிர வேறு கதி இல்லை என்று ஆயிற்று. மற்றவர்களுடைய குரல் புகைந்தே போய்விட்டது. அவருடையது வைத்தியம் பார்த்து, ஓய்வில் இருக்கிறது. ஒரு தடவைக்கு வரும். மேனேஜர் அந்தக் கணக்கைப் போட்டதும் பஞ்சுவின் தோளில் கை வைத்தார். அதற்குமுன் அவர் யார் தோளிலும் கை வைத்ததில்லை.

"நீங்க பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கீங்க. நானும் அன்னிக்கு மாடத்துக்கு வரேன், துணைக்கு."

வாக்கெடுப்பு நாள் வந்தது. அக்கா வீட்டுக்காரரின் கழுத்தில் ஒரு புதுத் துணியைச் சுற்றி, முடிச்சைச் சட்டைக்குள் தள்ளி, காலரைச் சரிசெய்தாள். "வாயத் தொறந்தீங்க, வீட்டுக்கு வரவேண்டாம்," என்றாள். பிறகு வாசல்வரை வந்து, "வந்துடுங்க," என்றாள்.

சபை நிறைந்திருந்தது. மாடத்தில் முன்வரிசையில் பஞ்சு, பக்கத்தில் மேனேஜர். பஞ்சு இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் கைக்குட்டை இருந்தது. கீழே கண்டாமணி தன் நாற்காலியில், கண்ணைத் திறந்தபடி, வழக்கம் போல.

அமைச்சரம்மா பேசினார். ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுத்திருப்பதைச் சொன்னார். சங்கு எழுந்து, கள்ளச் சரக்கைப் பற்றிப் பஞ்சு எழுதிக் கொடுத்ததை வாசித்தார். பாதியில் இருமல் வந்ததால் மீதியைச் சபைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உட்கார்ந்தார். சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். காதால் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம்.

"மசோதாவை ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்க."

'ஆம்' என்று வந்தது. பளிச்சென்று, கழுவிய பாத்திரம் போல. பஞ்சு இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை முழுதாகக் கேட்டதே இல்லை.

"எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்க."

ஒத்திகையில் கேட்ட அதே பழைய மரக்கதவுச் சத்தம் கேட்டது. சங்கும் இடியும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். கண்டாமணி மேலே பார்த்தார்.

பஞ்சு தன் கைகளின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தான். கைக்குட்டை வரவில்லை. அவர் பார்வை அவன் முகத்தில் ஒரு நிமிஷம் நின்றது. நல்லது, முடிந்தது என்று பஞ்சு மூச்சு விட்டான்.

அப்போது பக்கத்தில் ஏதோ வெள்ளையாக அசைந்தது. மேனேஜர் தன் சொந்தக் கைக்குட்டையை எடுத்து, நன்றாக விரித்து, வேர்க்காத முகத்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழக்கம் என்பது பொல்லாதது, கண்ணுகளா. யார் கைக்குட்டை என்று பழக்கம் பார்ப்பதில்லை. கண்டாமணியின் மார்பு விரிந்தது. கழுத்துத் துணி இறுகியது. தாடை கீழே இறங்கியது. பஞ்சு அதைப் பார்த்தான். அந்த மூச்சு வெளியே வந்தால் அக்கா வீடு இனி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வராவிட்டால் தன் வீடு எப்படி இருக்கும் என்றும் தெரியும். பார்த்துக்கலாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

எழுந்து நின்றான். மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, வாயத் தொறக்காதீங்க!"

அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. மேல்கூரை அதை வாங்கி எல்லா மூலைக்கும் திருப்பி அனுப்பியது. காவலர்கள் திரும்பினார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒரு மெம்பர் விழித்துக்கொண்டு 'ஆம்' என்றார். கண்டாமணியின் வாய் படக்கென்று மூடியது; உள்ளே இழுத்த மூச்சு மூக்கு வழியாக மெள்ள வெளியே போயிற்று.

சபாநாயகர் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"மாடத்துச் சத்தம் சபைச் சத்தத்தில் கலந்துவிட்டது. காதுக்குச் சந்தேகம் ஏற்பட்டுள்ளது. ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்."

மேனேஜர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அவ்வளவு அழகாக யாரும் மடித்திருக்க முடியாது.

அமைச்சரம்மா பக்கம் முழுதும் எழுந்தது. பத்திரிகைக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். இடி அவர்களைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நுரையீரல் நோயாளிகளுக்காகத் தன் உள்ளம் எப்போதும் உருகியது என்பது போல் நின்றார். சங்கு எழுந்தார். ஒருவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு நாற்காலி சுடும், எல்லாரும் எழுந்தார்கள். கடைசியாகக் கண்டாமணி எழுந்தார். எல்லாரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று எழுந்தாரா, வேறு ஏதாவது நினைத்து எழுந்தாரா என்று தெரியாது. அவர் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

மசோதா நிறைவேறியது.

பஞ்சுவைக் காவலர் அறையில் உட்காரவைத்தார்கள். ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை, சுவரில் தொப்பிகள். சபை கலைகிற வரைக்கும் வெளியே விடக்கூடாது. இனிமேல் மாடத்துக்கும் வரக்கூடாது.

"பஞ்சு நீதானே?" என்றார் வயதான காவலர். "எத்தனை வருஷமா வந்துட்டுப் போறே. உனக்குக் குரல் இருக்கறதே எங்களுக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாதுங்க."

"தண்ணி குடி. தொண்டை வறண்டிருக்கும்."

அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனாள். வந்த அவசரத்தில் அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"வேலை போச்சா?"

"போச்சுக்கா."

"தொண்டை?"

"இருக்கு."

அவள் நாடாவைக் கழற்றிச் சுருட்டினாள். மறுபடி பிரித்தாள். மறுபடி சுருட்டினாள். "நட," என்றாள். வாசலில் கண்டாமணி நின்றுகொண்டிருந்தார். மைத்துனனைப் பார்த்ததும் அவர் உதடு அசைந்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள், நின்றுவிட்டது. அவர் பஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வருகிற வரைக்கும் விடவில்லை. தெருவில் இரண்டு பெரிய ஆண்கள் கையைப் பிடித்துக்கொண்டு போவதைச் சிலர் பார்த்தார்கள்.

கம்பெனியிலிருந்து பஞ்சுவுக்கு ஒரு தாள் வந்தது. நீண்டகாலச் சேவைக்கு நன்றி, இனித் தேவையில்லை என்று அச்சடித்திருந்தது. கம்பெனி ஒன்றும் மூழ்கிப்போகவில்லை. வரியைக் கண்டித்து அழுதுகொண்டே, வரி எவ்வளவோ அதற்குமேல் கொஞ்சம் சேர்த்து விலையை ஏற்றிக்கொண்டது. ஆனாலும் பெட்டியைக் கையில் எடுத்து, விலையைக் கேட்டு, திரும்ப வைத்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு ஒரு நோயாளி என்று ஆக இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும் என்றார்கள். புதுக் கட்டில் வாங்கப் பேச்சு ஆரம்பித்திருக்கிறது.

பஞ்சு சில மாதம் சிரமப்பட்டான், பொய் சொல்வானேன். அக்கா தையல் வேலையிலேயே அவனுக்கு ஓர் இடம் போட்டாள்: வீடு வீடாகப் போய்த் துணி வாங்கிவருவது, தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது, தைத்து முடியாததற்குச் சமாதானம் சொல்வது. கடைசி வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சொன்ன தேதிக்குச் சட்டை வராதவர்கள்கூட அவன் பேசிவிட்டுப் போனபின், தாங்கள்தான் அவசரப்பட்டுவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் வைத்த கெடு முடிந்த அன்று மூன்று பேரும் அவர் அறைக்குப் போனார்கள். நெற்றி விளக்கு உள்ளே பார்த்தது. அக்கா முந்தானையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். தையல்காரி செய்யக்கூடாத காரியம்.

"ஆறியிருக்கு," என்றார் டாக்டர். "எங்க, ஏதாவது சொல்லுங்க பாப்போம். மெதுவா."

கண்டாமணி யோசித்தார். இரண்டு மாதத்துச் சொற்கள் வாசலில் முட்டி மோதிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். எச்சில் விழுங்கினார்.

"பசிக்குது," என்றார்.

ஒரு சாதாரண மனிதனுடைய குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கூச்சம். மேசைக்கு அந்தப்பக்கம் எட்டினால் அதிகம். அவ்வளவுதான் இனிமேல் என்றார் டாக்டர். இதைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் இதுவே கடைசிவரை இருக்கும்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "இவ்வளவுதானா?" என்றாள். "அப்ப இத்தனை வருஷமா என் வீட்ல யாரு கத்திக்கிட்டிருந்தது?" சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே தொண்டையின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதை ஏதோ துணி எடுக்கிறவள் மாதிரி வெகுநேரம் பார்த்தாள்.

திரும்பி நடக்கும்போது கண்டாமணி வழியெல்லாம் பேசினார். காஜா எடுப்பதில் தனக்கிருக்கிற சந்தேகங்களைப் பேசினார்; எதிர்வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினார்; சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பேசினார். தெருச் சத்தத்தில் அது ஓர் அடிக்குமேல் கேட்கவில்லை. அதனால் அக்கா அவர் தோளை ஒட்டியே நடந்தாள். பஞ்சு இரண்டடி பின்னால் வந்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும், பார்த்து. உங்கள் வீட்டில் யாருக்கும் இருமல் தங்காமல் இருக்கட்டும். உலை கொதிக்கிற வீடாக, ஊசிக்கும் நூலுக்கும் வேலை இருக்கிற வீடாக இருக்கட்டும். பேசுகிறவர்களுக்குக் குரலும், கேட்கிறவர்களுக்குப் பொறுமையும் குறையாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் பொழுதோடு வந்து சேரட்டும்.